கதவு திறப்பது மனிதனுக்கா? பெயருக்கா?

ஒருவன் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நின்றால், "யார் நீ? என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அதே மனிதன் அதே முகத்தோடும், அதே சட்டையோடும், அதே பசித்த வயிற்றோடும் வந்து வேறொருவனுடைய பெயரைச் சொன்னால், "வாருங்கள், உட்காருங்கள், சாப்பிடுங்கள்" என்கிறார்கள். பிறகு உண்மை வெளியானவுடன் அவனைப் போலீசில் பிடித்துக் கொடுத்து, "இவன் எங்களை மோசம் செய்துவிட்டான்" என்று பிராது செய்கிறார்கள். அவன் மோசம் செய்தான் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அந்த மோசம் அவனிடத்தில் ஆரம்பித்ததா, அல்லது ஒரு பெயருக்குத் திறந்து மற்றொரு பெயருக்கு மூடிக்கொள்ளுகிற அந்தக் கதவினிடத்தில் ஆரம்பித்ததா என்பதே நாம் இன்று வாசகர்கள் முன் வைக்கும் கேள்வியாகும்.

இது நாமாகக் கட்டிய கற்பனைக் கதையல்ல. 1989-ம் வருஷத்தில் ஈரான் தேசத்தின் தலைநகராகிய டெஹ்ரானில் நடந்த சங்கதி. இதை வைத்து அப்பாஸ் கியாரோஸ்தமி என்னும் டைரக்டர் எடுத்த சினிமாப் படம் 1990-ல் வெளிவந்தது. அதன் பெயர் "குளோஸ்-அப்". அதாவது ஒரு முகத்தை மிகவும் அருகில் நெருங்கிப் பார்ப்பது என்று பொருள். பெரிய முதலாளிகள் லட்சம் லட்சமாய்ப் பணத்தைக் கொட்டி, பாட்டும் கூத்தும் வைத்து எடுத்த படமல்ல இது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கென்று டெஹ்ரானில் ஏற்பட்ட ஒரு ஸ்தாபனத்தின் ஆதரவில், பெயர்பெற்ற நடிகர் ஒருவர்கூட இல்லாமல் எடுத்தது. சம்பவத்தில் சம்பந்தப்பட்டவர்களே அவரவர் பாத்திரத்தை அவரவரே நடித்தார்கள். ஏமாற்றியவன் ஏமாற்றியவனாகவும், ஏமாந்தவர்கள் ஏமாந்தவர்களாகவும், ஜட்ஜ் ஜட்ஜாகவும் வருகிறார்கள்.

சினிமாவைப் பற்றி எழுத இந்தப் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சினிமா நமக்கு முக்கியமல்ல. ஒரு மனிதனுக்கு மரியாதை எதனால் கிடைக்கிறது, எதனால் மறுக்கப்படுகிறது என்பதே நமக்கு முக்கியம். அதைக் காட்டுவது சினிமாவானாலும் சரி, சந்தைக் கடையானாலும் சரி, நாம் எடுத்துப் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லுவோம். ஹுசைன் சப்ஸியான் என்பவன் அச்சுக்கூடத் தொழிலாளி. ஏழை. நிரந்தரமான வேலை கிடையாது. மனைவி அவனை விட்டுப் பிரிந்துபோய்விட்டாள். அவனுக்கு இருந்த ஒரே பற்று சினிமா. அதிலும் மொஹ்சென் மக்மல்பாப் என்னும் டைரக்டருடைய படங்களில் அவனுக்கு உயிர். அந்த டைரக்டருடைய "சைக்கிள்காரன்" என்னும் படத்தில், ஆப்கானிஸ்தானத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு ஏழை, நோயாளியான தன் மனைவியின் வைத்தியச் செலவுக்காக, ஜனங்கள் வேடிக்கை பார்க்க, ஒரு வாரம் இரவும் பகலும் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறான். தன் கஷ்டத்தைத்தான் அதில் காட்டியிருக்கிறார்கள் என்று சப்ஸியான் நினைத்தான். அப்படி நினைத்ததில் ஆச்சரியமொன்றுமில்லை.

ஒருநாள் அவன் பஸ்ஸில் அந்தப் படத்தின் கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு போனான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், வசதியான குடும்பத்தவள், அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அவன், இதை எழுதியவனே நான்தான் என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாளுக்கு ஆச்சரியம். இவ்வளவு பெரியவர் பஸ்ஸில் வருவானேன் என்று கேட்டாள். கதைக்கு விஷயம் தேடிச் சாதாரண ஜனங்களோடு பழகுகிறேன் என்று பதில் சொன்னான். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு அவளுக்கே கொடுத்தும்விட்டான். தன் பிள்ளைகளுக்கும் சினிமாவில் ஆசை என்று அவள் சொல்ல, பேச்சு வளர்ந்து, பிறகு வீடு தேடிப் போகிற அளவுக்கு வந்தது.

அது ஆஹன்கா என்னும் குடும்பத்தாரின் வீடு. அங்கே அவன் பலமுறை போனான். அடுத்த படத்தை உங்கள் வீட்டில்தான் எடுக்கப்போகிறேன், உங்கள் பிள்ளைகள்தான் நடிக்க வேண்டும் என்றான். அவர்கள் உபசரித்தார்கள். விருந்து வைத்தார்கள். கேட்டபோது கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். பிறகு வீட்டுக்காரருக்குச் சந்தேகம் உண்டாயிற்று. பத்திரிகையில் வந்த மக்மல்பாப்பின் படத்துக்கும் இவனுக்கும் பொருத்தமில்லை. ஒரு பத்திரிகை நிருபரை வரவழைத்துக் காட்டி, இவன் போலி என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, போலீசாரிடம் ஒப்படைத்தார்கள். வீட்டை நோட்டம் பார்த்துத் திருடவே வந்திருப்பான் என்றுகூட அவர்களுக்குத் தோன்றியது. பத்திரிகையில் சேதி வந்தது. அதைப் பார்த்த கியாரோஸ்தமி, தாம் எடுக்கவிருந்த வேறொரு படத்தை நிறுத்திவிட்டு, ஜெயிலுக்குப் போய்ச் சப்ஸியானைக் கண்டு பேசி, கோர்ட்டில் காமிராவை வைக்க அனுமதியும் வாங்கினார்.

கோர்ட்டில் சப்ஸியான் சொன்னதை நன்றாகக் கவனிக்க வேண்டும். நான் பொய் சொன்னது உண்மை. ஆனால் பணத்துக்காக அல்ல என்றான். அந்த வீட்டில் இருந்தபோது என் பேச்சை எல்லாரும் கேட்டார்கள். நான் சொன்னபடி செய்தார்கள். அதற்குமுன் என் பேச்சை ஒருவரும் கேட்டதில்லை என்றான். இரவு வெளியே வந்து வீட்டுக்குத் திரும்பும்போது, நான் பழைய ஏழைதான் என்பது மறுபடியும் நினைவுக்கு வரும். ஆனாலும் மறுநாள் எழுந்ததும் அந்த மரியாதைக்காகவே திரும்பவும் போவேன் என்றான். அவன் கேட்டது வீட்டையல்ல, நகையையுமல்ல. "உட்காருங்கள்" என்கிற ஒரு சொல்லைத்தான் கேட்டிருக்கிறான். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மனிதன் தன் பெயரையே துறக்க வேண்டியிருந்தது என்றால் அந்தச் சமுதாயத்தின் யோக்கியதை எப்படிப்பட்டது?

நிற்க, இவன் மீதுள்ள குற்றத்தை நாம் மறைக்க விரும்பவில்லை. பொய் பொய்தான். ஏழை சொன்னதால் பொய் மெய்யாகிவிடாது. அந்தக் குடும்பத்தார் தங்கள் வீட்டைத் திறந்து, சோறு போட்டு, பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி ஆசை வைத்து, கடைசியில் அக்கம்பக்கத்தார் முன் தலைகுனிய நேரிட்டது. அவர்களுடைய வருத்தம் நியாயமான வருத்தமே. பிறர் உழைத்துத் தேடிய பெயரைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதும் ஒருவகைக் களவு என்பதில் சந்தேகமில்லை. சப்ஸியானே அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறான். ஆகவே அவனைத் தியாகியாக்கி மாலை போடுவது நம் நோக்கமல்ல.

ஆனால் அவன் குற்றத்தைச் சொன்னபிறகு, அதற்கு இடங்கொடுத்தது எது என்பதையும் பார்க்க வேண்டாமா? வெள்ளைத் துணியை வெள்ளிக்காசு என்று யாரும் யாருக்கும் விற்றுவிட முடியாது. ஏமாற்றுகிறவனுக்குப் பொய் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் ஏமாறுகிறவனுடைய ஆசையும் ஆகும். அந்தப் பஸ்ஸில் அவன், நான் ஒரு அச்சுக்கூடத் தொழிலாளி, எனக்குச் சினிமா என்றால் உயிர், இந்தப் புத்தகத்தைப் பலதடவை படித்திருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். அல்லது மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லி இறங்கிப் போயிருப்பாள். வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்திருப்பாளா? பிள்ளைகளை அவன் சொன்னபடி நடக்கச் சொல்லியிருப்பாளா? இல்லவே இல்லை. ஆகவே உண்மை பேசினால் ஒன்றும் கிடைக்காது, பொய் பேசினால் எல்லாம் கிடைக்கும் என்கிற ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, பிறகு ஒருவன் பொய் பேசிவிட்டான் என்று ஆச்சரியப்படுவது என்ன புத்திசாலித்தனம்?

இன்னும் ஒன்று. சப்ஸியான் அந்த வீட்டில் பேசிய பேச்செல்லாம் யாருடைய பேச்சு? அவனுடைய சொந்தப் பேச்சுத்தானே! சினிமாவைப் பற்றியும், கலையைப் பற்றியும், ஏழைகளின் கஷ்டத்தைப் பற்றியும் அவன் சொன்னதைக் கேட்டுத்தான் அவர்கள் தலையாட்டினார்கள். மக்மல்பாப் வந்து அவன் காதில் ஓதிக்கொடுக்கவில்லை. அறிவு அவனுடையது, நாக்கு அவனுடையது, பெயர் மாத்திரந்தான் இரவல். பெயர் இரவல் என்று தெரிந்தவுடன் அந்தப் பேச்சும் பயனற்ற பேச்சாகிவிட்டது. அப்படியானால் இத்தனை நாளும் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது எதை? சொன்னதையா, சொன்னவன் பெயரையா? எவன் சொன்னான் என்று பார்த்து நம்புகிறவனுக்கு எதைச் சொன்னான் என்று பார்க்கும் பழக்கம் போய்விடுகிறது. பகுத்தறிவைப் பற்றி நாம் ஓயாமல் பேசுவதெல்லாம் இந்தக் காரணத்துக்காகத்தான்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. அவர்கள் தலைவணங்கிய அந்த உண்மையான மக்மல்பாப் யார்? அவர் 1957-ல் டெஹ்ரான் நகரத்தின் தெற்கே உள்ள ஏழைப் பகுதியில் பிறந்தவர். அந்த நகரத்தில் வடக்கே மலையடிவாரத்தில் பணக்காரர்களும், தெற்கே ஏழைகளும் வசிப்பது வழக்கம். ஷா மன்னர் ஆட்சியில், பதினேழு வயதுப் பையனாக இருக்கும்போது ஒரு போலீஸ்காரரைக் கத்தியால் குத்திய குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போய், 1979-ல் நடந்த புரட்சியின்போதுதான் வெளியே வந்தார். அதன் பிறகே எழுத்தாளரும் டைரக்டருமானார். அந்தப் பையன் தன் பெயரைச் சொல்லி அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தால் கதவு திறந்திருக்குமா? நிச்சயமாய்த் திறந்திருக்காது. ஆகவே அவர்கள் மக்மல்பாப் என்ற மனிதரையும் மதிக்கவில்லை. சப்ஸியான் என்ற மனிதனையும் மதிக்கவில்லை. பத்திரிகையில் அச்சடித்து வந்த ஒரு பெயரை மதித்தார்கள். பெரியவர் பஸ்ஸில் வருவாரா என்று அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்ததே, படத்தின் முடிவில் அந்த உண்மையான பெரியவர் எதில் வருகிறார் தெரியுமா? ஒரு மோட்டார் சைக்கிளில்!

இனி ஏமாந்த குடும்பத்தாரின் பக்கத்தையும் பார்ப்போம். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல நாம் தயாராயில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்ஜினீயர் படிப்புப் படித்தவர்கள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. ஈரானில் அப்போது ஈராக்கோடு எட்டு வருஷம் நடந்த யுத்தம் 1988-ல் முடிந்து ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. வசதியான குடும்பந்தான்; ஆனால் வசதி கரைந்துகொண்டிருக்கிற பயம் உள்ள குடும்பம். ஒரு பெரிய பெயர் தங்கள் வீட்டுக்குள் வந்தால் தாங்களும் மேலே ஏறலாம் என்று அவர்களும் ஆசைப்பட்டார்கள். சப்ஸியான் அவர்களைப் பார்த்து ஏங்கினான். அவர்கள் மக்மல்பாப்பைப் பார்த்து ஏங்கினார்கள். கீழே உள்ளவன் மேலே உள்ளவனைப் பார்த்து ஏங்குவதும், மேலே உள்ளவன் கீழே உள்ளவனைத் திரும்பிப் பாராததும் இந்த ஏணியின் இயல்பு. அதில் எந்தப் படியில் நின்றாலும் கழுத்து வலிதான்.

படத்தின் ஆரம்பத்தில் இன்னொரு சிறிய காட்சி வருகிறது. சப்ஸியானைப் பிடிக்க நிருபர் ஒருவரும் இரண்டு சிப்பாய்களும் ஒரு டாக்ஸியில் போகிறார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர் முன்பு ஆகாய விமானம் ஓட்டியவராம். அதைப்பற்றி யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. டாக்ஸிக்காரர் என்றால் டாக்ஸிக்காரர், அவ்வளவுதான். நிருபரோ இந்தச் சேதியால் தாம் உலகப் பிரசித்தி பெறப்போவதாகக் கனவு காண்கிறார். ஆனால் பேச்சைப் பதிவு செய்யும் கருவிகூட அவரிடம் இல்லை. வீடுவீடாய்க் கதவைத் தட்டி இரவல் கேட்கிறார். பெயரை இரவல் வாங்கியவன் கைதியாகப் போகிறான். கருவியை இரவல் வாங்கியவர் கனவானாகப் போகிறார்!

தோழர்களே! இரவல் பெயரில் மரியாதை வாங்குவது குற்றம் என்றால், அந்தக் குற்றத்தைச் செய்யாத பெரிய மனிதன் எத்தனை பேர் இருக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். பாட்டன் சம்பாதித்த பெயரை வைத்துக்கொண்டு, தான் ஒரு துரும்பையும் எடுத்துப் போடாமல், ஊரார் எழுந்து நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறவன் செய்வது என்ன? அது இரவல் பெயரல்லவா? அப்பன் வகித்த உத்தியோகத்தின் பெயரால் கடையில் கடன் வாங்குகிறவனும், பிறந்த குலத்தின் பெயரால் முன்வரிசையில் உட்காருகிறவனும், பணத்தைக் கொடுத்து வாங்கிய பட்டத்தைப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளுகிறவனும் யாருடைய பெயரில் நடமாடுகிறார்கள்? அவர்கள் மீது எந்தக் கோர்ட்டில் பிராது இருக்கிறது? சப்ஸியான் சில வாரம் வேஷம் போட்டான், ஜெயிலுக்குப் போனான். இவர்கள் பிறந்தநாள் முதல் சாகிறநாள் வரையில் வேஷம் போடுகிறார்கள்; செத்தபிறகு சிலைகூட வைக்கிறார்கள். சின்ன வேஷத்துக்குத் தண்டனை, பெரிய வேஷத்துக்கு மரியாதை என்பதுதான் உலகத்து நியாயமாக இருக்கிறது.

1979-ல் ஈரானில் நடந்த புரட்சி யார் பெயரால் நடந்தது? நசுக்கப்பட்டவர்கள், தாழ்த்தப்பட்டவர்கள் பெயரால் நடந்தது. மன்னர் ஓடிப்போனார். அரண்மனைகள் கைமாறின. கொடி மாறிற்று. புதிய ஆட்சியாளர்கள் ஏழைகளின் பெயரை மேடைதோறும் உச்சரித்தார்கள். சரியாகப் பத்து வருஷம் கழித்து, அதே நகரத்தில் ஒரு ஏழை, ஒருவேளைச் சோற்றை மரியாதையோடு சாப்பிட வேண்டுமானால் வேறொருவன் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? அரசன் போய்விட்டால் மட்டும் அடிமைத்தனம் போய்விடாது. ஆளுகிறவனை மாற்றுவது சுலபம். வாசலில் வந்து நிற்கிறவனை ஏறஇறங்கப் பார்த்து எடைபோடுகிற கண்ணை மாற்றுவதுதான் கஷ்டம். அந்தக் கண் மாறாதவரையில் எந்தப் புரட்சியும் தலைவாசலோடு நின்றுவிடும், வீட்டுக்குள் வராது.

கோர்ட்டில் கடைசியில் என்ன நடந்தது? சப்ஸியானின் தாய் கெஞ்சினாள். அவன் மேல் இதற்குமுன் குற்றமில்லை. அவன் மனம் வருந்துகிறான் என்பதைக் கண்ட ஜட்ஜ், பிராது கொடுத்தவர்கள் மன்னிக்கச் சம்மதமா என்று கேட்டார். அவர்களும் மன்னித்தார்கள். இது நல்ல காரியந்தான். ஜெயிலில் அடைத்து வதைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மன்னிப்பு என்பது மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குப் போடுகிற பிச்சை. அதை வாங்குகிறவன் குனிந்துதான் வாங்கவேண்டும். சப்ஸியானுக்குக் கிடைக்காமல் போனது மன்னிப்பு அல்ல, மரியாதை. மரியாதை பிச்சையல்ல. ஒவ்வொரு மனிதனும் மனிதனாய்ப் பிறந்த காரணத்தினாலேயே அடையவேண்டிய உரிமை. அந்த உரிமையை முன்னமே கொடுத்திருந்தால் மன்னிப்புக்கு அங்கே வேலையே இருந்திராது.

சப்ஸியான் செய்த தவறுகளில் பெரிய தவறு, அவன் அந்தக் குடும்பத்தாருக்குச் செய்ததல்ல, தனக்குத்தானே செய்துகொண்டது. அவனுக்குக் கிடைத்த மரியாதை முழுவதும் யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது? மக்மல்பாப்பின் கணக்கில்! சோறு தின்றது சப்ஸியான். புகழ் பெற்றது மக்மல்பாப். கோர்ட்டில் சப்ஸியானே ஒரு உதாரணம் சொன்னான். கியாரோஸ்தமி 1974-ல் "பிரயாணி" என்றொரு படம் எடுத்திருந்தார். அதில் ஒரு சிறு நகரத்துப் பையன், டெஹ்ரானில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்று, பிலிம் இல்லாத காமிராவால் பிள்ளைகளைப் படம் பிடிப்பதாகப் பொய் சொல்லிக் காசு சேர்க்கிறான். கஷ்டப்பட்டு டெஹ்ரான் போய்ச் சேருகிறான். களைப்பால் ஒரு ஓரத்தில் படுத்துத் தூங்கிவிடுகிறான். எழுந்து பார்த்தால் ஆட்டம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். அந்தப் பையன்தான் நான் என்றான் சப்ஸியான். வெறும் காமிராவால் பிறரை ஏமாற்றுகிறவனுக்குக் கடைசியில் கிடைப்பது வெறும் மைதானந்தான். இரவல் பெயருக்குக் கிடைக்கும் மரியாதையும் அப்படிப்பட்டதே.

நடிப்பாயானால் எந்தப் பாத்திரத்தை நடிக்க ஆசை என்று டைரக்டர் அவனைக் கேட்டபோது, என்னுடைய சொந்தப் பாத்திரத்தை என்று பதில் சொன்னான். இதைவிட நேர்மையான பதிலை எந்தப் பெரிய மனிதன் சொல்லக்கூடும்? அவனுக்கு வேறொருவனாக வேண்டுமென்று உண்மையில் ஆசையில்லை. சப்ஸியானாகவே இருந்து நாலுபேர் நடுவில் தலைநிமிர்ந்து உட்கார ஆசை. அதற்கு வழி காணாததனால் மக்மல்பாப்பின் பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

இந்தப் படத்தை எடுத்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. ஒரு ஏழைக் குற்றவாளியின் முகத்தருகே காமிராவை வைத்து, உன் காரியத்தை ஜனங்கள் நம்பக் கஷ்டப்படுவார்கள், ஆகவே இந்தக் காமிராவைப் பார்த்து விளக்கிச் சொல் என்று இடங்கொடுத்ததற்காகக் கியாரோஸ்தமியை நாம் பாராட்டுகிறோம். உலகத்துக் காமிராக்களெல்லாம் ராஜாக்களின் முகத்தையும், அழகிகளின் முகத்தையும் நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் சப்ஸியானின் முகத்தை நெருங்கிப் பார்த்தார். ஆனால் வரவு செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். கியாரோஸ்தமிக்கு 1997-ல் பிரான்சு தேசத்துக் கான் நகர விழாவில் வேறொரு படத்துக்காக முதற்பரிசு கிடைத்தது. லண்டனிலிருந்து வரும் ஒரு சினிமாப் பத்திரிகை உலகத்து விமர்சகர்களைக் கேட்டு 2022-ல் வெளியிட்ட ஜாபிதாவில் "குளோஸ்-அப்" முதல் இருபது இடங்களுக்குள் வந்தது. அவர் 2016-ல் காலமானபோது உலகமே துக்கம் கொண்டாடியது. சப்ஸியான் 2006-லேயே செத்துப்போனான். படத்தில் வந்தபிறகும் அவன் டைரக்டர் ஆகவில்லை. அவனைப் பற்றிய படத்தை உலகம் தலைமேல் வைத்துக்கொண்டது. அவனை எந்தத் தாழ்வாரத்திலும் உட்கார வைக்கவில்லை. ஏழையின் கதைக்குக் கிடைக்கும் மரியாதை ஏழைக்குக் கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இனி அந்தப் படத்தின் கடைசிக் காட்சியைச் சொல்லி முடிப்போம். சப்ஸியான் ஜெயிலிலிருந்து வெளியே வருகிறான். வாசலில் உண்மையான மக்மல்பாப் காத்திருக்கிறார். அவரைக் கண்டதும் அவன் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். அவர் அவனைத் தம் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து, அந்தக் குடும்பத்தாரின் வீட்டுக்கே அழைத்துப் போகிறார். வழியில் ஒரு பூச்செடி வாங்கிக்கொள்ளுகிறார்கள். வீட்டு வாசலில் நின்று சப்ஸியான் மணியை அடிக்கிறான். உள்ளேயிருந்து யார் என்று குரல் கேட்கிறது. "சப்ஸியான்" என்கிறான். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வாசலில் அவன் தன் சொந்தப் பெயரைச் சொல்லுகிறான். உள்ளே இருப்பவர்களுக்குப் புரியவில்லை. மறுபடியும் யார் என்று கேட்கிறார்கள். வேறு வழியில்லாமல் "மக்மல்பாப்" என்கிறான். அதன் பிறகே கதவு திறக்கிறது!

எவ்வளவு பெரிய அக்கிரமம் பாருங்கள்! கோர்ட்டு நடந்தாகிவிட்டது, குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது, மன்னித்தும் ஆகிவிட்டது. அப்படியிருந்தும் அவன் உண்மையான பெயர் அந்தக் கதவுக்குத் தெரியவில்லை. உண்மைக்காகத் தண்டித்தவர்களே உண்மையைச் சொன்னபோது அடையாளம் காணவில்லை. பழைய பொய்யைச் சொன்ன பிறகுதான் அடையாளம் கண்டார்கள். வீட்டுக்காரர் வெளியே வந்து, இனியாவது இவன் நல்லவனாக நடந்துகொள்ளுவான் என்று நம்புவதாகச் சொல்லுகிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் திருந்த வேண்டியவன் சப்ஸியான் ஒருவன்தானா? அந்தக் கதவும் திருந்த வேண்டாமா?

ஆகவே வாசகர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளுவது இரண்டே விஷயங்கள். வசதியுள்ள தோழர்கள், தம் வீட்டு வாசலில் ஒரு மனிதன் வந்து நின்றால், இவன் யாருடைய மகன், என்ன உத்தியோகம், எந்தத் தெரு என்று கேட்பதற்கு முன்னால், "உட்காருங்கள்" என்று சொல்லிப் பழக வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குக் காசு செலவில்லை. அதை எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் அதைத் திருட யாருக்கும் அவசியம் இருக்காது. ஏழைத் தோழர்கள், பிறர் பெயரைச் சொல்லி உள்ளே நுழைவதைவிட, தம் பெயரைச் சொல்லி வாசலிலேயே நிற்கத் துணிய வேண்டும். ஒருவன் நின்றால் கதவு திறக்காமல் இருக்கலாம். ஊரார் எல்லாரும் தத்தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றால் எந்தக் கதவும் அதிகநாள் தாங்காது. மனிதனைப் பார்த்துத் திறக்கிற கதவாக அதை மாற்றுவதே அறிவுள்ளவர் செய்யவேண்டிய வேலை என்பது நமது அபிப்பிராயம்.